மூவர் நிற்க இடமுண்டு: துன்ப நாளில் சிற்றூர் தரும் ஆறுதல்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. எந்த மாத்திரையை எந்த வேளையில் உட்கொள்ள வேண்டும், எந்த உணவைத் தவிர்க்க வேண்டும், மறுபடி எந்த நாளில் வர வேண்டும் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத வினா ஒன்றும் அதனோடு வீட்டுக்கு வருகிறது. அடுத்த வருகை வரையிலான நாட்களை எப்படிக் கழிப்பது என்பதே அவ்வினா. படுக்கையில் இருப்பவருக்கும் அவரருகில் விழித்திருப்பவருக்கும் அது பொதுவானது. மருந்து உடலைப் பார்த்துக்கொள்ளும். மனம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

இவ்வினாவுக்கு முகையூர் வட்டாரத்தை முன்வைத்து விடை தேடுவது இப்பாடத்தின் நோக்கம். முகையூர் விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் பகுதி. ஏரிகளையும் வானத்தையும் நம்பி வாழும் சிற்றூர்கள் நிறைந்தது. இங்குள்ள மக்களுக்குத் துன்ப நாட்கள் புதியவை அல்ல. ஆயினும் அந்நாட்களைத் தாங்கும் முறைகள் சிலவற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்துள்ளனர். அவற்றுள் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே காண்போம்.

மழை இரவில் ஓர் இடைகழி

முகையூருக்கு அண்மையில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருப்பது திருக்கோவிலூர். வைணவ மரபு அவ்வூரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைப் போற்றி வருகிறது. கடும் மழை பெய்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுப்பதற்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. பின்னர் பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம் என்று முன்னவர் எழுந்து அமர்ந்தார். அடுத்துப் பேயாழ்வாரும் வந்தார். இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றுகொண்டனர். அந்த நெருக்கத்தில்தான் அவர்கள் இறைவனின் இருப்பை உணர்ந்து பாடத் தொடங்கினர் என்பது மரபு.

நாம் எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், சமயம் சாராதவராயினும், இந்நிகழ்ச்சியில் கற்றுக்கொள்ள ஒன்றுண்டு. மூவர் வந்ததால் மழை நிற்கவில்லை, இடைகழியும் அகலவில்லை. முதலில் வந்தவர் தம் வசதியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் தயங்காமல் இடம் கேட்டனர். இவ்விரண்டும் சேர்ந்ததால் அவ்விரவு கழிந்தது. கொடுப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கேட்பதும் ஓர் அறமே என்பதை நோய்வாய்ப்பட்டவர்கள் மறந்துவிடுகின்றனர். ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்பவர் மழையில் நனைந்தபடியே வெளியில் நிற்கிறார்.

2024 டிசம்பர் கற்பித்தது

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து நகராமல் அப்பகுதியிலேயே நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 51 செ.மீ. மழை பதிவாயிற்று. டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர்ப் பகுதியில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மீது வெள்ளம் பாய்ந்ததால் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள இரயில் பாலத்தில் நீர் அபாய அளவைக் கடந்ததால் இரயில்களும் நிறுத்தப்பட்டன.

முண்டியம்பாக்கத்தில்தான் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ளது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சாலையும் இரும்புப் பாதையும் ஒருசேர அடைபடும் நாளில், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவர் என்ன செய்வார்? இன்சுலின் தீர்ந்துபோனவர் எங்கே போவார்? அத்தகைய வேளையில் தொலைவிலிருந்து வரும் உதவி வந்து சேர நேரமாகும். முதலில் வந்து சேர்வது அடுத்த வீட்டாரின் கை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய உண்மையன்று. ஜப்பானின் கோபே நகரை 1995 ஜனவரி 17ஆம் நாள் நிலநடுக்கம் தாக்கியபோது, இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அண்டை அயலாருமே. எந்த அறையில் யார் உறங்குவார், எந்த வீட்டில் முதியவர் தனித்து இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவரை ஒருவர் அறிந்திருத்தல் என்பதே ஓர் உயிர்காக்கும் கருவி.

மீண்டெழுதல் என்றால் என்ன?

துன்பத்தைத் தாங்கி மீளும் ஆற்றலைச் சிலர் பிறவிக் குணமாகக் கருதுகின்றனர். ‘அவருக்கு மனத்திடம் அதிகம், எனக்கு அது இல்லை’ என்று சோர்ந்துவிடுகின்றனர். மீண்டெழும் ஆற்றலின் பெரும்பகுதி ஒருவரைச் சூழ்ந்திருக்கும் உறவுகளிலும் அன்றாடப் பழக்கங்களிலும் உள்ளது. பனை புயலில் நிற்பதற்கு அதன் தண்டு மட்டும் காரணமன்று. மண்ணுக்குள் நாற்புறமும் பரவிய நூற்றுக்கணக்கான மெல்லிய வேர்களும் காரணம். ஒவ்வொரு வேரும் தனியே மெல்லியது. சேர்ந்து பிடிக்கும்போதுதான் மரம் நிற்கிறது.

மருத்துவ ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தது. உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிர் வாழும் வாய்ப்பு, அவை குன்றியவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உறவு மருந்துக்கு மாற்று என்று இதற்குப் பொருளன்று. மருந்தை வேளை தவறாமல் எடுத்துக்கொள்ளவும், உடல்நிலை மாறும்போது விரைந்து மருத்துவரிடம் வரவும், மனம் தளராமல் உண்டு உறங்கவும் உறவுகள் துணை செய்கின்றன.

திருக்குறளில் ‘இடுக்கண் அழியாமை’ 63ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய அதிகாரம் ‘ஆள்வினையுடைமை’; அதாவது முயற்சியுடைமை. செய்யக்கூடியதைச் செய்தல் முன்னே நிற்க, கலங்காதிருத்தல் அதனைத் தொடர்ந்து வருகிறது. துன்பத்தில் இருப்பவருக்கு இந்த வரிசை ஒரு நல்ல வழிகாட்டி. முதலில் ஒரு சிறு செயல். அதன் பின்னே சிறிது அமைதி.

சிறு ஆறுதல்கள்

பெரிய ஆறுதல் நம் கையில் இல்லாத நாட்கள் உண்டு. நோய் முற்றிலும் தீரும் என்று மருத்துவரால் சொல்ல முடியாத நாட்கள் அவை. அப்போதும் சிறு ஆறுதல்கள் கிடைக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. விடியலில் வாசல் தெளிக்கும் ஓசை, தெருக்குழாயடியில் நடக்கும் பேச்சு, தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்கும் நாளிதழ், ஆடி மாதத்துக் கூழ், நோன்புக் கஞ்சி, மாலையில் ஒலிக்கும் தேவாலய மணி ஆகியன நோயாளிக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன: உலகம் நடந்துகொண்டிருக்கிறது, அதில் உமக்கும் இடம் இருக்கிறது.

ஆகவே, நோயாளியின் கட்டிலை வீட்டின் உள்ளறையில் ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவர் தடை சொல்லாவிடில், நாளில் ஒரு மணி நேரமேனும் திண்ணையிலோ வாசலிலோ அமர வையுங்கள். தெருவில் போவோர் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டுவிட்டுப் போகட்டும். அக்கேள்விக்கு விடை சொல்வதும் ஒரு பயிற்சியே. முடிந்த சிறு வேலை ஒன்றையும் அவரிடம் ஒப்படையுங்கள். கீரை ஆய்தல், மல்லாட்டை உரித்தல், பேரப்பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்டல் ஆகிய இவற்றுள் எதுவாயினும் நன்று. உதவி பெற்றுக்கொண்டே இருப்பவருக்கு, தாமும் ஒன்று தந்தோம் என்ற நிறைவு பெரும் மருந்தாகும்.

அன்பு இளநீராய் வரும்போது

சிற்றூரில் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. இளநீர், வாழைப்பழம், சத்துமாவு, ரொட்டி என்று ஏதேனும் ஒன்று கையில் இருக்கும். அதில் இருப்பது அன்பு. ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்து, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பு கலந்த சத்துமாவு சர்க்கரை அளவை ஏற்றிவிடும். இதய நோயாளிக்கு ஊறுகாயும் அப்பளமும் ஆகா.

இவ்விடத்தில் பல குடும்பங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. மறுத்தால் மனம் நோகுமே என்று வாங்கிக் கொடுத்துவிடுகின்றன. அல்லது, வருபவர்களையே தவிர்க்கத் தொடங்குகின்றன. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அன்பை மறுக்காமல், அது வரும் பாதையை மாற்றிவிடுங்கள். ‘அத்தை, இளநீர் அவருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க வந்து அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருங்க, அது போதும். நான் போய் ரேஷன் வாங்கிட்டு வந்துடறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வந்தவருக்கும் பயனுள்ள ஒரு வேலை கிடைக்கிறது. உங்களுக்கும் அரை மணி நேரம் கிடைக்கிறது.

பேணுபவரைப் பேணுதல்

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். மகன் சென்னையில் கட்டட வேலை. மருமகள் விடியலில் எழுந்து அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். இரவிலும் இருமுறை எழுகிறாள். மூன்று மாதமாகியும் அவள் முழுத் தூக்கம் தூங்கவில்லை. யாரேனும் கேட்டால், ‘பரவாயில்லக்கா, சமாளிக்கிறேன்’ என்கிறாள். ஒரு நாள் காரணமின்றிப் பிள்ளையை அடித்துவிட்டுத் தானும் அழுகிறாள்.

அவள் கெட்டவள் அல்லள், களைத்துப்போனவள். பேணுபவரின் களைப்பு மனக்குறையன்று, உடலின் எச்சரிக்கை. தொடர்ந்த தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, அடிக்கடி எரிச்சல், தன் மருந்தைத் தானே மறத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவ்விடத்தில் அண்டை வீட்டாரின் பங்கு பெரிது. ‘ஏதாவது வேணும்னா சொல்லும்மா’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வந்து பாத்துக்கிறேன், நீ குளிச்சிட்டுக் கொஞ்சம் படு’ என்று நாளும் வேளையும் குறித்துச் சொல்வது பத்து மடங்கு பயன் தரும். வேண்டியதைக் கேட்கும் வலிமைகூடக் களைத்தவரிடம் இராது.

அண்டை மாநிலமான கேரளம் இதை ஒரு முறையாகவே வளர்த்துள்ளது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரண முயற்சி, பின்னர் ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்து, படுக்கையில் இருப்போரை அண்டை அயலாரே முறை வைத்துச் சென்று பார்க்கும் அமைப்பாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவரப்படுகின்றன. இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சேவையும் அதில் அடங்கும். உங்கள் ஊர் சுகாதார ஊழியரிடம் இதைக் கேட்டறியுங்கள். அரசு தரும் சேவையும் அயலார் தரும் துணையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, இரண்டும் வேண்டும்.

ஊரும் சில வேளை நோகச் செய்யும்

சிற்றூரைப் புகழ்ந்து மட்டும் பேசுவது நேர்மையாகாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் மறைவு குறைவு. காசநோய் என்றால் தம்ளரைத் தனியே வைப்பவர்கள் உண்டு. முறையான சிகிச்சையைத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து அந்நோய் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதும், தம்ளர் வழியே அது பரவுவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. புற்றுநோயை முன்வினை என்பவர்கள் உண்டு. மனநோயைப் பேய் என்பவர்கள் உண்டு. கைம்பெண் என்பதால் அழைக்கப்படாதவர்களும், தெருவும் சாதியும் பார்த்து ஒதுக்கப்படுபவர்களும் உண்டு. ஊர் என்று நாம் சொல்லும்போது யாருடைய ஊரை எண்ணுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாத் தெருக்களையும் சேர்த்துக்கொள்ளாத ஆறுதல் பாதி ஆறுதலே. வெள்ளம் வரும்போது அது தெரு பார்த்து வருவதில்லை.

இவ்வாறு நோகச் செய்யப்பட்டவர்கள் ஒதுங்கிக்கொள்வது இயல்பு. அவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றே: ஊர் முழுவதும் உங்களுக்குத் துணை நிற்க வேண்டியதில்லை, இருவர் மூவர் போதும். இடைகழியில் நின்றவர்களும் மூவரே. நோய் பற்றிய விவரத்தை யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கே உரியது. நம்பத்தக்க ஒருவர்கூட அருகில் இல்லை என்று தோன்றினால், 14416 என்ற இலவச எண்ணில் ‘டெலி மனஸ்’ மனநல ஆலோசகரிடம் எந்நேரமும் தமிழில் பேசலாம். அதுவும் ஒரு திண்ணையே.

மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நம் பகுதிக்குப் பெருமழைக் காலம். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றைக் குடும்பத்தோடு அமர்ந்து செய்து முடியுங்கள்.

1. மருத்துவச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத உறையிலிட்டு, உயரமான இடத்தில் வைக்கவும். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கவும்.

2. இரண்டு வாரத்துக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தீரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

3. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்; உறையவிடக் கூடாது. திறந்த பின் பெரும்பாலான வகைகளை நிழலான, குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம். மின்சாரம் இல்லாத நாட்களில், பெரிய மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதனுள் சிறு சட்டியை வைத்து, நீர் புகாத டப்பாவில் இன்சுலினை இட்டு மூடி வைப்பது நல்ல முறை.

4. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள், புயல் அறிவிப்பு வந்தவுடனே தங்கள் மையத்தோடு பேசி, முறையை முன்கூட்டியே வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்கவும். தவறினால், நீரின் அளவையும் பொட்டாசியம் மிகுந்த உணவையும் மருத்துவர் சொன்னபடி கட்டுப்படுத்தவும்.

5. நீரிழிவு உள்ளவர்கள் வெள்ளநீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலில் பட்ட சிறு காயமும் அவர்களுக்குப் பெரிதாகலாம். வெள்ளநீர் வழியே எலிக்காய்ச்சலும் பரவும். வெள்ளத்தில் நடந்த பின் காய்ச்சல், கடும் உடல்வலி, கண் சிவத்தல் ஆகியன தோன்றினால் உடனே மருத்துவரைக் காணவும்.

6. நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு மட்டக் கரண்டி சர்க்கரையும் அரை மட்டக் கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கரண்டி என்பது இங்குத் தேக்கரண்டி. சிறுநீரக, இதய நோயாளிகளும் நீரிழிவு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்பே இதனைப் பருக வேண்டும்.

7. அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கவும். பிள்ளைகளும் படிக்கும்படி இருக்கட்டும்.

எண்ணிப் பார்க்க, பேசிப் பார்க்க

இப்பாடத்தைக் குடும்பத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பின்வரும் வினாக்களைப் பற்றிப் பேசலாம்.

நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வரக்கூடிய மூவர் யார்? அவர்களுடைய கைப்பேசி எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

கடந்த ஒரு வாரத்தில் நோயாளி பிறருக்காகச் செய்த சிறு செயல் எது? அதற்கு யாரேனும் நன்றி சொன்னார்களா?

பேணுபவர் கடைசியாகத் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கியது எப்போது? அடுத்த முறை அது நடக்க யார், எந்த நாளில் உதவ முடியும்?

நம் தெருவில் யாரும் எட்டிப் பார்க்காத வீடு எது? அங்கே இந்த வாரம் யார் போவது?

கடைசி வினா மிக முக்கியமானது. துன்பத்தில் இருப்பவரே இன்னொரு துன்பப்படுபவரின் வாசலில் போய் நிற்கும்போது, இருவருக்கும் சுமை சற்றுக் குறைகிறது. இவ்வாரம் அடுத்த மருத்துவமனை வருகைக்கு நீங்கள் புறப்படும்போது, அதே பேருந்தில் அதே மருத்துவமனைக்கு வரும் இன்னொருவரும் இருக்கக்கூடும். இருக்கையில் சற்று நகர்ந்து அமருங்கள். அவருக்கும் இடம் இருக்கும்.